டி.என்.ஏ. மாடல் கிட்: வாங்கலாம், ஆனால் கையேட்டை நம்ப வேண்டாம்

நாகர்கோவில் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்காகக் கடைகளில் கிடைக்கும் 12 ஜோடி பிளாஸ்டிக் கிட் இது. உள்ளே 24 சர்க்கரை, 24 பாஸ்பேட், நான்கு நிறங்களில் 24 காரங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். காரங்களில் அடினைன், தையமினுக்கு இரண்டு முனை. குவானைன், சைட்டோசினுக்கு மூன்று. ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை அப்படியே. தப்பான ஜோடியைச் செருகினால் பொருந்தாது.

கோளாறு சர்க்கரையில். 3', 5' (சர்க்கரையின் மூன்றாம், ஐந்தாம் கார்பன்) துளைகள் இரண்டும் ஒரே அளவு. ஒரு சர்க்கரையின் 3' முனை, அடுத்த நியூக்ளியோடைடின் (சர்க்கரை, பாஸ்பேட், காரம் சேர்ந்த அலகு) 5' பாஸ்பேட்டோடு சேர்வதுதான் பாஸ்போடைஎஸ்டர் பிணைப்பு. துளை மாறினால் இழையின் திசையே குழம்பிவிடும். 5' துளை ஒவ்வொன்றிலும் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு இழையில் பொட்டு மேலே என்றால் எதிர் இழையில் கீழே வர வேண்டும். கையேட்டுப் படத்தில் இரண்டும் மேலே பார்க்கின்றன, அது பிழை.

பியூரினும் (பெரிய காரங்களான அடினைன், குவானைன்) பிரிமிடினும் (சிறியவையான தையமின், சைட்டோசின்) ஒரே நீளத்தில் இருப்பது இன்னொரு குறை. பெரியதோடு சிறியது சேர்வதால்தான் ஏணியின் அகலம் எங்கும் சுமார் 2 நானோமீட்டராக நிற்கிறது என்பது இதில் விளங்காது.

முறுக்கும்போது கயிறு திரிப்பதுபோல இஷ்டத்துக்குத் திருப்பாதீர்கள். சாதாரண ஸ்க்ரூவின் மரை ஏறும் திசை, அதாவது வலச்சுற்று. ஏணியின் ஒரு படிக்கு, அதாவது ஒரு ஜோடிக்கு, சுமார் 34 பாகை. பத்தரை ஜோடியில் ஒரு சுற்று முடியும். ஸ்டாண்டு மட்டும் ஆட்டமோ ஆட்டம்.