மரம் தெரியும், மரத்தைத் தெரியாது: என் மின்னூல் கருவியோடு ஐந்து வருடம்

போன வாரம் என் மின்னூல் கருவிக்கு பேட்டரி மாற்றினேன். அதைக் கேள்விப்பட்டதும், தமிழ் படித்துக்கொண்டிருக்கும் ஒரு நண்பர் "அப்போ நானும் ஒன்று வாங்கலாமா?" என்றார்.

திரை, எடை, சார்ஜ் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் மயங்கியது வேறொன்றில். முதன்முதலாக ஒரு ஜப்பானிய காமிக்ஸைத் திறந்து, பழக்கத்தில் வலது ஓரத்தைத் தட்டினேன். பக்கம் பின்னால் போனது. கருவி கெட்டுவிட்டதென்றே நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போவது. பக்கம் எந்தத் திசையில் புரள வேண்டும் என்பதைப் புத்தகத்துக்குள்ளேயே குறித்துவைக்க 2011-இல் வந்த இபப் 3 (EPUB 3) என்ற மின்னூல் கோப்பு வடிவம் வழி செய்தது. கருவி அதைக் கேட்டு நடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு காலத்தில் இந்தக் காமிக்ஸை ஆங்கிலத்தில் போட்டவர்கள் படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட்டார்கள். வலக்கையில் வாள் பிடித்தவனெல்லாம் இடக்கையன் ஆனான். இங்கே வீரன் அப்படியே இருக்கிறான், மாறியது என் விரல்தான். நாலு பக்கத்தில் பழகிவிட்டது. ஜப்பானிய நாவல்களில் கடினமான எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொடியாக உச்சரிப்பும் வந்து நிற்கிறது. எனக்கு அது பாதி வாத்தியார்.

சரி, இவ்வளவு யோசித்தவர்கள் தமிழுக்கு வரும்போது மட்டும் ஏன் தூங்கிப்போனார்கள்?

ஆங்கிலப் புத்தகத்தில் 'வென்ட்' என்ற சொல்லை அழுத்திப் பிடித்தால் அகராதி சமர்த்தாக 'கோ'வைக் காட்டும். தமிழில் 'மரத்தை' அழுத்தினால் "சொல் கிடைக்கவில்லை". 'மரம்' என்று இருந்தால்தான் பொருள் சொல்லும். எந்தக் கதையில் மரம் சும்மா மரமாகவே நிற்கிறது? மரத்தில் ஏறுகிறார்கள், மரத்தை வெட்டுகிறார்கள், மரத்தடியில் தூங்குகிறார்கள். மரம், அத்து, ஐ என்று பிரிப்பது பள்ளிக்கூட இலக்கணம். எத்தனையோ அப்டேட் வந்தும் கருவிக்கு அது ஏறவில்லை. தமிழ் தெரிந்த எனக்கு இது எரிச்சல்; கற்றுக்கொள்ள வருபவருக்கு வாசலிலேயே பூட்டு. நண்பரிடம் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தேன். கருவியோடு ஒரு தாளும் திரும்பி வந்தது, இரண்டு பக்கமும் அகராதி கைவிட்ட சொற்கள். முதல் வரியில் 'வீட்டுக்கு'.

வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். "அப்படியானால் உங்களுடையதையாவது கொடுங்கள், ஜப்பானிய காமிக்ஸ் படிக்கிறேன்" என்றார்.

அதெல்லாம் கொடுக்க முடியாது.