அலாஸ்கா கப்பல் பயணம்: எந்தப் பனியாறு, எந்தத் துறைமுகம், எந்த நிறுவனம்

அலாஸ்காவுக்குக் கப்பல் பதிவு செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "பிரின்சஸா, நார்வீஜியனா, ராயல் கரீபியனா?" என்பதுதான். பல சீசன்களாக இந்த வழிகளில் போய்வந்த அனுபவத்தில், அந்தக் கேள்விக்கு மூன்றாவது இடம்தான் தருவோம். கப்பல் எந்தப் பனியாற்றுக்குப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது என்பதை அடுத்து பாருங்கள். இந்த இரண்டும் முடிவானால் நிறுவனம் பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும். கரீபியன் பக்கம் கப்பலே ஒரு ஊர், அதற்குள்ளேயே பொழுது போய்விடும். அலாஸ்காவில் காசு கொடுத்துப் பார்க்கப் போவதெல்லாம் கப்பலுக்கு வெளியே இருக்கிறது.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களை மட்டுமே விடுகிறார்கள். இந்த அனுமதிகளில் பெரும்பங்கு பிரின்சஸிடமும் ஹாலண்ட் அமெரிக்காவிடமும் இருக்கிறது, நார்வீஜியனுக்கும் கணிசமாக உண்டு. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி கப்பல்கள் பெரும்பாலும் ஹப்பார்ட் பனியாற்றுக்கோ எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடல்வழிக்கோ போகும். ஆனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களே வேறு வேறு இடத்துக்குப் போவதுண்டு. அதனால் விளம்பரத்தில் 'பனியாறு தரிசனம்' என்று இருந்தால் போதாது. அந்தக் குறிப்பிட்ட தேதியின் அட்டவணையில் 'கிளேசியர் பே' என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1750 வாக்கில் இந்த விரிகுடா முழுவதும் ஒரே பனியாறாக இருந்தது. அது பின்வாங்கிப் பின்வாங்கி, இன்று கப்பல் 65 மைல் உள்ளே போய்த்தான் பனியைத் தொட முடிகிறது. காலையில் பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறிக்கொள்வார்கள். நாள் முழுக்க அவர்கள்தான் ஒலிபெருக்கியில் விளக்கம் தருவார்கள். உள்ளே கரையிறங்குவது கிடையாது. கடைசியில் மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்று மெதுவாகச் சுற்றும். ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேல் 250 அடி வரை உயரம். அதன் பக்கத்தில் கறுப்பாக, கல்லும் மண்ணும் கொட்டிய மேடு போலத் தெரிவதும் பனியாறுதான். கிராண்ட் பசிபிக் என்று பெயர். பலர் அதைப் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள்.

அங்கே ஒரு நுணுக்கம். பனி உடைந்து விழும் இடிச்சத்தம் கேட்டுத் திரும்பினால் விழுந்த இடத்தில் நுரைதான் இருக்கும். கப்பல் அரை மைல் தள்ளி நின்றால் சத்தம் வந்துசேர இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் பனிப்பாளம் தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே காதை நம்பாதீர்கள். சுவரில் ஒரே இடத்திலிருந்து சின்னச் சின்னத் துண்டுகள், உப்புக்கல் உதிர்வது போல, விட்டுவிட்டு உதிர்ந்துகொண்டிருக்கும். அந்த இடத்திலேயே கண்ணை வைத்திருங்கள். பெரிய பாளம் பெரும்பாலும் அங்கிருந்துதான் சரியும். கேமராவை முன்கூட்டியே அங்கே குறிவைத்து, வீடியோவில் போட்டுவிடுவது நல்லது. பக்கத்தில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நுழைவாய்க்குள் கடல்நாய்கள் குட்டி போடும் காலம் என்பதால் பெரிய கப்பல்கள் ஆகஸ்ட் முடியும்வரை போக முடியாது. செப்டம்பர் பயணிகளுக்கு மட்டும் அந்த வாய்ப்பு இருக்கிறது.

ஹப்பார்ட் வேறு மாதிரி. 76 மைல் நீளம், முகப்பு மட்டும் ஆறு மைலுக்கு மேல். மற்றவை சுருங்கும் காலத்தில் இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. பிரம்மாண்டத்தில் மார்ஜரியை மிஞ்சும், ஆனால் நெருங்க முடியுமா என்பது அன்றைய மிதக்கும் பனியைப் பொறுத்தது. தெளிந்த நாளில் அரை மைல் வரை போகும் கப்பல், மே மாதத்தில் சில மைல்களுக்கு அப்பாலேயே திரும்பிவிடுவதும் உண்டு. பணம் திரும்பக் கிடைக்காது. பயண ஒப்பந்தத்தில் வழித்தடத்தை மாற்றும் உரிமை கேப்டனுக்கு இருக்கிறது. டிரேசி ஆர்ம் என்ற இன்னொரு குறுகிய கடல்வழியின் பெயர் பழைய அட்டவணைகளில் நிறைய வரும். 2025 ஆகஸ்ட் 10-ல் அங்குள்ள சவுத் சாயர் பனியாற்றருகே மலை சரிந்து பேரலை எழுந்த பிறகு, பல நிறுவனங்கள் 2026 சீசனுக்கு எண்டிகாட் ஆர்முக்கு மாற்றிவிட்டன. பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துத் திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது கிளம்பும் ஊர். சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் கடலில் போகும். முதல் நாளும் கடைசி நாளும் கப்பல் ஆடும். வான்கூவரிலிருந்து கிளம்புபவை தீவுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள அமைதியான நீரில் போகும், இரண்டு பக்கமும் காடும் மலையும். அந்த வழியில் சீமோர் நேரோஸ் என்ற இடுக்கில் நீரோட்டம் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) வரை போகும். அங்கே நீருக்கடியில் இருந்து கப்பல்களைப் பலிவாங்கிய ரிப்பிள் ராக் பாறையை 1958 ஏப்ரல் 5 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்றும் கப்பல்கள் ஓட்டம் தணியும் நேரம் பார்த்துத்தான் அதைக் கடக்கின்றன. அலை ஒத்துக்கொள்ளாதவர்களும் வயதான பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களும், விமானச் செலவு கொஞ்சம் கூடினாலும் வான்கூவரையே தேர்ந்தெடுப்பது நல்லது.

சியாட்டில் பயணங்களில் விக்டோரியா என்ற கனடிய ஊர் எதற்கு வருகிறது என்று பலர் குழம்புகிறார்கள். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்காவில் ஏற்றிய பயணியை இடையில் வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்காவிலேயே இறக்கக் கூடாது என்று 1886-ல் போட்ட சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதை நிறைவேற்றத்தான் இந்த நிறுத்தம். அதனால் பல அட்டவணைகளில் அது இரவு எட்டு மணிக்கு வந்து நள்ளிரவில் கிளம்பும் நிறுத்தமாக இருக்கிறது. அதை ஒரு முழுத் துறைமுகமாக எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு முக்கியமான சிக்கல் உண்டு. அந்த நான்கு மணி நேர நிறுத்தத்துக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டில் கனடா விசா வேண்டும். கப்பலை விட்டு இறங்காமலே இருந்துவிடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். திரும்ப அமெரிக்காவுக்குள் வருவதால் அமெரிக்க விசாவும் பலமுறை நுழைவு உள்ளதாக இருக்க வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் இதேதான். அமெரிக்க கிரீன் கார்டு உள்ளவர்களுக்குக் கனடா விசா தேவையில்லை, ஆனால் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கார்டும் கையில் இருக்க வேண்டும். எச்1பி-யில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கு கிடையாது. விசா முத்திரை காலாவதியாகி இருந்தால், முன்பணம் கட்டும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். வான்கூவரில் ஏறினால் அமெரிக்கக் குடியேற்றச் சோதனை கனடா பிளேஸ் முனையத்திலேயே முடிந்துவிடும். மூன்று கப்பல்கள் நிற்கும் நாளில் வரிசை நீளும், ஆகவே ஒதுக்கிய நேரத்துக்குப் போவதே நல்லது.

ஒருவழிப் பயணம் என்றொரு வகை உண்டு. வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் அல்லது சூவர்டு துறைமுகம் வரை ஏழு நாள். பிரின்சஸ் இதில் கிளேசியர் பேயோடு, பல பனியாறுகள் இறங்கும் காலேஜ் ஃபியார்டு என்ற கடல்வழியையும் சேர்த்துத் தருவது வழக்கம். பனியாறுதான் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. விட்டியரிலிருந்து, விமான நிலையம் உள்ள ஆங்கரேஜ் 60 மைல். இடையில் ரயிலும் காரும் மாறி மாறிப் போகும் ஒற்றைத்தடச் சுரங்கம் இரண்டரை மைல் இருக்கிறது. சூவர்டிலிருந்து 125 மைல். இறங்கிய நாளே மதிய விமானம் போட்டுக்கொள்ளாதீர்கள். டெனாலி தேசியப் பூங்காவையும் சேர்க்க நினைத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பூங்காச் சாலை 2021 ஆகஸ்டில் நிலச்சரிவால் 43-வது மைலில் மூடப்பட்டது. பழைய படங்களில் பார்க்கும் உட்பகுதிப் பேருந்துப் பயணம் அதற்கு முந்தைய காலத்தது. உங்கள் தேதிக்குச் சாலை எதுவரை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தரைவழிப் பயணத்துக்குப் பணம் கட்டுங்கள்.

இனி கப்பல். ஹாலண்ட் அமெரிக்காவின் கப்பல்கள் நடுத்தர அளவு. சுற்றிலும் நடக்க முழு டெக் உண்டு, பனியாற்று நாளில் முன்மூக்கைத் திறந்துவிடுவார்கள், சூடான பட்டாணி சூப்பும் கொடுப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் கப்பல் அமைதியாகிவிடும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலுக்கும், பெரியவர்களுக்கு இதுவே சரி. பிரின்சஸில் இரண்டு ரகம் இருக்கிறது. டிஸ்கவரி போன்ற புதியவை 3,660 பேர் கொள்ளும், ஆனால் சுற்றிவர முழு நடைமேடை கிடையாது. சுமார் 2,000 பேர் போகும் கோரல் பிரின்சஸ், பழையதானாலும், வேடிக்கை பார்க்க வசதியானது. நார்வீஜியன் பிளிஸ், என்கோர் இரண்டும் ஏறத்தாழ 4,000 பேர் கொள்ளும். முகப்பில் பெரிய கண்ணாடிக் கூடம் இருக்கிறது, பனியாற்று நாளில் காலை ஆறரைக்கே இருக்கை பிடித்துவிடுவார்கள். ராயல் கரீபியனின் ஓவேஷன் போன்ற கப்பல்களில் மூடிய நீச்சல்குளமும், கடலுக்கு மேல் 300 அடி தூக்கிக் காட்டும் கண்ணாடிக் கூண்டும் உண்டு. மழை பெய்யும் ஊரில் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த மூடிய குளத்தின் அருமை தெரியும்.

பனியாற்று நாளில் கப்பல் சுற்றிக் காட்டும் என்பதால் எந்தப் பக்கம் அறை என்று கவலைப்பட வேண்டாம். மூன்று அல்லது நான்கு பேராகப் போனால் பால்கனி அறைக்கான கூடுதல் தொகையை ஒரு ஹெலிகாப்டர் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு மட்டும் பால்கனி கட்டாயம் எடுங்கள், அவர்கள் திமிங்கலம் பார்ப்பதே அங்கிருந்துதான். கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. சத்தம் வரும் என்பதால், அறைக்கு மேலே சாப்பாட்டுக் கூடமோ கீழே நாடக அரங்கமோ இருக்கிறதா என்று டெக் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

துறைமுகங்களில் கப்பல் எங்கே கட்டப்படுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. கெச்சிகானில் பெரும்பாலான கப்பல்கள் ஊர் நடுவிலேயே நிற்கும், இறங்கி இரண்டு நிமிடத்தில் கடைத்தெரு. நார்வீஜியன் கப்பல்கள் வழக்கமாக ஏழு மைல் தள்ளி, பழைய காகிதக்கூழ் ஆலை இருந்த வார்ட் கோவ் என்ற இடத்தில் கட்டும். இலவசப் பேருந்து உண்டு, ஆனால் இரண்டு கப்பல் ஒன்றாக வந்தால் போகவும் வரவும் வரிசையோடு ஒன்றரை மணி நேரம் கழிந்துவிடும். காலை ஏழுக்கு வந்து மதியம் ஒன்றரைக்குக் கிளம்பும் அட்டவணையில் இது பெரிய இழப்பு. அப்படிப்பட்ட நாளில் துறையிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும் சுற்றுலாவை எடுப்பது மேல். சிட்காவிலும் துறை ஊருக்கு ஐந்து மைல் தள்ளித்தான்.

ஜூனோவில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 முதல் நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள்தான். 2026 முதல், கப்பல்களில் உள்ள படுக்கைகளின் கணக்கில், நாளொன்றுக்கு 16,000 பேர், சனிக்கிழமை 12,000 பேர் என்று ஒப்பந்தம். மெண்டன்ஹால் பனியாற்றுக்கு 12 மைல். பனியாறு பார்க்க ஹெலிகாப்டர் முன்பதிவு செய்தால் காலை நேரமாகவும், வேறு எந்தச் சுற்றுலா நேரத்தோடும் மோதாததாகவும் எடுங்கள். தாழ்ந்த மேகம் வந்தால் ரத்து, பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்த நாள் போய்விடும். 113 கிலோவுக்கு மேல் எடை என்றால் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.

ஸ்கேக்வேயில் 1898-ல் போடத் தொடங்கிய வைட் பாஸ் ரயிலைத் தவறவிடாதீர்கள். மூன்றடி அகலத் தண்டவாளம், 20 மைலில் 2,865 அடி ஏற்றம். ஏறும்போது இடதுபக்கம்தான் பள்ளத்தாக்கு. உச்சியில் இருக்கைச் சாய்வைத் திருப்பிப் போட்டு, எதிர்ப்பக்கத்தாரோடு இடம் மாறச் சொல்வார்கள், ஆகவே இருவருக்கும் காட்சி கிடைக்கும். வண்டிப் பெட்டிக்கு வெளியே உள்ள சிறு மேடையில் நின்றால் பாலத்தின் வளைவில் முன்னே போகும் எஞ்சினே தெரியும். உச்சியிலேயே திரும்பும் சுற்றுக்குக் கனடா விசா வேண்டாம். கனடாவுக்குள் இருக்கும் ஃப்ரேசர் வரை ரயில், திரும்பப் பேருந்து என்ற சுற்றுக்கு வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் முன்பதிவு செய்து ரயில் நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

சைவச் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறது. பதிவு செய்யும்போதே உணவுக் குறிப்பைக் கொடுத்துவிட்டு, முதல் இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் நேரில் சொல்லுங்கள். அடுத்த நாள் உணவுப் பட்டியலை முந்தைய இரவே காட்டி, பருப்பு, கறி என்று தனியாகச் செய்து தருவார்கள். மீன் சாறு கலந்த சூப்புகள் நிறைய என்பதால் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மூடி முத்திரையிட்ட பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். ரைஸ் குக்கரும் மின்சார கெட்டிலும் பெட்டிச் சோதனையில் எடுத்துவைக்கப்பட்டு, இறங்கும் நாளில்தான் திரும்பக் கிடைக்கும்.

விலையை ஒப்பிடும்போது டிக்கெட் தொகையோடு ஆளுக்கு நாளொன்றுக்கு 17 முதல் 20 டாலர் வரை சேவைக் கட்டணத்தையும், வைஃபையையும், துறைமுக வரிகளையும் சேர்த்துப் போடுங்கள். 'இலவசம்' சேர்த்த சலுகை சில சமயம் வெறும் டிக்கெட்டைவிடக் கூடுதலாக வந்து நிற்கும். இறுதித் தவணைக்கு முன் விலை இறங்கினால் பல நிறுவனங்கள் கேட்டால் சரிசெய்து தரும், கேட்காவிட்டால் தராது.

மே மாதம் மழை குறைவு, மலையில் பனி நிறைய, விலையும் மலிவு. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். சால்மன் மீன் ஏறுவதையும் கரடி மீன் பிடிப்பதையும் பார்க்க ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட். செப்டம்பரில் மழை கொட்டும். குடை காற்றில் நிற்காது. தொப்பி வைத்த மழைச்சட்டை, உள்ளே இரண்டு மெல்லிய கம்பளி அடுக்கு, கையுறை, ஆளுக்கொரு 8x42 பைனாகுலர். ஒன்றை நான்கு பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் திமிங்கலம் வாலைத் தூக்கி மூழ்கியிருக்கும்.