தமிழ்99, லப்பட், ரங்கூன் கரன்ட்: கதை எழுதிப் பழகிய அனுபவம்

தமிழ்99 விசைப்பலகைக்கு மாறி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பொருளைக் கையில் எடுத்த சூட்டோடு எழுதப்படும் மதிப்புரைகள் மேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. எரிச்சல் மூட்டி, சண்டை போட்டு, பழகி, அதற்குப் பிறகும் கூடவே இருந்தால்தான் சொல்ல ஏதாவது சேரும். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

ரங்கூனில், அனவ்ரத்தா சாலைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு இரும்புக் கடையில் கணக்கெழுதுகிறேன். பகலில் பர்மியம், ராத்திரியில் தமிழ். சிறுகதைதான் எழுதுவது. அங்கொன்றும் இங்கொன்றுமாக அச்சில் வந்திருக்கிறது, புத்தகம் இன்னும் இல்லை. என்னை எழுத்தாளர் என்று கூப்பிடும் ஒரே ஆள் என் அத்தை, அதுவும் நான் பாத்திரம் கழுவாமல் உட்கார்ந்திருக்கும் நேரங்களில். தமிழ் எழுத்து படித்தது கோயில் வகுப்பில். 1960களின் நடுவில் இங்கே தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, தமிழ் வாசிக்கக் கற்ற பலருக்கும் பள்ளிக்கூடம் என்றால் கோயில் மண்டபம்தான்.

கருவிகள்: பேட்டரி பாதி செத்த ஒரு விண்டோஸ் மடிக்கணினி, செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலி போட்ட ஒரு கைபேசி. இரண்டிலும் தமிழ்99. முன்பு ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கும் முறையில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ‘வந்தான்’ என்று வர எட்டு தட்டு. தமிழ்99-ல் ஆறு. ‘அம்மா’வுக்கு ஐந்து போய் நான்கு. கேட்க அற்பக் கணக்காகத்தான் இருக்கும். நானூறு வரி எழுதிப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. க, ப, ம, த, ந, ய எல்லாம் வலது கை நடுவரிசையிலேயே. ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதலாவதன் தலையில் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ந-வுக்குப் பின் த, ண-வுக்குப் பின் ட, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற வந்தாலும் அப்படியே. தமிழில் எந்த மெய்க்குப் பின் எது அடிக்கடி வரும் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் செய்தது என்பது இரண்டாம் வாரத்திலேயே புரிந்துவிடும். முதல் வாரத்தில் புரியாது. முதல் வாரத்தில் நான் கணக்குப் பேரேட்டிலேயே கதை எழுதப் போய்விடலாமா என்று இருந்தேன்.

இப்போது குறைகள். தானாக விழும் புள்ளி, வேண்டாத இடத்திலும் விழும். ரங்கூனில் இருந்துகொண்டு நதியைப் பற்றி எழுதாமல் முடியுமா? ந, த, இ என்று தட்டினால் என்னிடம் உள்ள மென்பொருளில் ‘ந்தி’ என்று வந்து நிற்கும். நடுவில் ஒரு அ-வைத் தட்டி உடைக்க வேண்டும். பர்மாக்காரர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கதையில் ‘மமா’ என்று கூப்பிட வைத்தால் அவர் ‘ம்மா’ ஆகிவிடுகிறார். அண்ணன் ‘கோகோ’வுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, இடையில் ஓகாரம் காப்பாற்றுகிறது. அப்புறம் ஔ. தமிழ்நாட்டுக் கதைக்காரர்கள் மாதக்கணக்கில் அந்த விசையைத் தொட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இங்கே மௌங் என்று ஆள் பெயரும் மௌலமெய்ன் என்று ஊர்ப் பெயரும் வரிக்கு வரி வரும். இடது கைச் சுண்டுவிரல் கீழ்வரிசை ஓரத்துக்கு இறங்கி இறங்கி வலிக்கும். லோன்ஜி என்ற பர்மிய லுங்கிக்கும் பேஜோ என்ற பருப்புப் பலகாரத்துக்கும் ஜ வேண்டும், ஹ்லைங் என்று பேட்டைப் பெயர் வந்தால் ஹ வேண்டும், இரண்டுக்கும் ஷிப்ட். என் கதையில் வரும் மனிதர்கள் தாம்வேயில் குடியிருந்தால் வேலை சுலபம், ஹ்லைங்கில் குடியிருந்தால் கஷ்டம். யாருக்கும் தெரியாமல் ஒன்றிரண்டு பேரை நான் வீடு மாற்றியிருக்கிறேன்.

விசைப்பலகையின் ஆயுளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு ராத்திரி கண் விழிக்க லப்பட் தோ வேண்டும். காபி ஒத்துக்கொள்ளாது. ஊறவைத்த தேயிலை, எண்ணெய், வறுத்த பயறு, எள், பூண்டு எல்லாம் சேர்ந்த அந்தக் கலவையை இடது கையால் எடுத்துக்கொண்டு வலது கையால் தட்டுவேன். உயிரெழுத்தெல்லாம் இடது கையில் என்பதால் பாதி நேரம் மெய்யாக அடித்து வைத்துவிட்டு, மென்று முடித்தபின் போய் உயிர் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அ விசையின் மேல் எண்ணெய் மினுக்கம் நிரந்தரம். இ-க்கும் உ-க்கும் நடுவில் ஒரு எள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. ஊசியால் குத்திப் பார்த்தும் வரவில்லை, எழுத்துக்கு இடைஞ்சல் இல்லாததால் விட்டுவிட்டேன்.

கரன்ட் முறை வைத்து வருகிறது. வரும்போது தெருவே ‘மீ லா பீ!’ என்று கத்தும், குழந்தைகள் கை தட்டும், நான் சொருகியை நோக்கி ஓடுவேன். மடிக்கணினி தனியாக நின்றால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் வேலையைப் பிரித்து வைத்திருக்கிறேன். வசனங்களை ஒய்பிஎஸ் பஸ்ஸில் கைபேசியிலும், வர்ணனையைக் கரன்ட் உள்ளபோது மடிக்கணினியிலும் எழுதுவேன். இரண்டு கருவியிலும் ஒரே அமைப்பு என்பதால் விரலுக்குக் குழப்பமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே தமிழ்99-ஐப் பரிந்துரைப்பேன். பேசித் தட்டச்சு செய்யும் வசதியையும் கொஞ்ச நாள் பார்த்தேன். அது தமிழ்நாட்டுச் செய்தி வாசிப்புக்குச் சரி. அத்தை மொகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸைப் பற்றிப் பேசும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. மேலும் பஸ்ஸில் உட்கார்ந்து ‘அவன் அவளை உற்றுப் பார்த்தான்’ என்று சத்தமாகச் சொல்ல எனக்குக் கூச்சம்.

இந்தப் பிரிவினை என் கதையையே மாற்றிவிட்டது என்பதைத்தான் மதிப்புரை எழுதுபவர்கள் சொல்வதில்லை. பேச்சை வேகமாக அடிக்க முடிகிறது, அதனால் என் ஆட்கள் பேசித் தள்ளுகிறார்கள். முன்பெல்லாம் ஒரு கதைக்கு நான்கு வசனம் இருந்தால் அதிகம். இப்போது பஸ் தாமதமாகும் நாள்களில் எழுதியவை நாடகம் மாதிரி இருக்கின்றன. கரன்ட் ஒழுங்காக இருந்த மாதத்தில் எழுதிய கதையில் மழை மட்டும் ஒன்றரைப் பக்கம். வரிசையாக வைத்துப் படித்தால் மின்வாரியத்தின் நேர அட்டவணை தெரியும். ஒரு இதழாசிரியர் ‘உரையாடல் மிகுதி’ என்று ஒற்றை வரியில் பதில் போட்டார். சரியான விமர்சனம்தான், ஆனால் அதற்கு மருந்து என் கையில் இல்லை.

என் இன்னொரு பழக்கம் பெயர் பொறுக்குவது. கோயில் சுவர்களில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கற்கள் இருக்குமே, அவற்றைப் படித்துக்கொண்டே சுற்றுவேன். பெயர், அப்பா பெயர், ஊர், சில கற்களில் பர்மியப் பெயரும் தமிழ்ப் பெயரும் சேர்ந்தே. இங்கே நம்மவர்கள் பலருக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். கற்பனையில் பெயர் வைத்தால் எல்லாரும் சீரியல் ஆட்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். கல்லில் பார்த்த பெயருக்கு மூட்டைத் தூக்கிய வாசம் இருக்கும்.

சரி, எழுதிவிட்டோம். அடுத்தது பதிப்பு. இங்கேதான் விசைப்பலகையால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தது.

தமிழ்ப் பதிப்புலகத்தின் காலண்டர் ஜனவரியில் தொடங்கி ஜனவரியில் முடிகிறது. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சிதான் அறுவடைக்காலம். மழைக்காலம் முடிவதற்குள் அவர்கள் மேசைக்குப் பிரதி போகவில்லை என்றால் அடுத்த வருஷம்தான். ஒரு பதிப்பு என்றால் 1200 பிரதி என்றிருந்த வழக்கம் போய், தேவைக்கேற்ப ஐம்பது நூறு அச்சிடும் முறை வந்துவிட்டதால் புதியவர்களுக்கு வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது. கண்காட்சிக்கு நேரில் வர முடியாத, வாசகர் வட்டம் இல்லாத, ரங்கூன்காரப் பெண்ணுக்கும் அது திறந்திருக்கிறதா என்பது வேறு விஷயம். ஒரு பதிப்பகத்தில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார்கள். அந்தப் பரிசீலனைக்கு இப்போது தீபாவளி ஒன்று கழிந்துவிட்டது.

மின்னூல் வழி இருக்கிறது. கிண்டிலில் தமிழ் நூலை நாமே ஏற்றலாம். எனக்கு அது சரிப்படாததற்குக் காரணம் பணம் வரும் பாதை. டாலருக்கு அதிகாரபூர்வ விகிதம் 2,100 கியாட் என்று இருக்க, வெளியில் அதைப்போல் இரண்டு மடங்கு விலைபோன நாட்டில், சில்லறை உரிமைத்தொகைக்காக வங்கிப் படிவம் நிரப்ப எனக்குப் பொறுமை இல்லை. இலவசமாகக் கொடுப்பதென்றால் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது. மற்றவர்கள் இலவசமாகப் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடச் சம்மதித்தால் போதும், இபப் என்ற மின்னூல் வடிவத்திலும் கைபேசிக்கு ஏற்ற பிடிஎஃபாகவும் வரும். காசு கேட்காத வாசகரும் வாசகர்தான் என்பது என் கட்சி. என் தோழி இதை ஒப்புக்கொள்வதில்லை, இலவசமாகக் கிடைப்பதை யாரும் படித்து முடிப்பதில்லை என்பாள்.

ஆனால் என் கதை யாரைப் பற்றியதோ அவர்கள் மின்னூல் படிக்க மாட்டார்கள். ரங்கூனில் தமிழ் சரளமாக வாசிப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அவர்களுக்குத் தாள் வேண்டும், அதுவும் பெரிய எழுத்தில். இளையவர்கள் தமிழ் பேசுவார்கள், அவர்களுக்கு நான் வைபர் செயலியில் குரலாகப் படித்து அனுப்புகிறேன். ஆக அத்தை தலைமுறைக்காக ஒரு சின்னத் தொகுப்பைக் கையேடு மாதிரி இங்கேயே போடலாம் என்று, பன்சொடான் தெருப் பக்கம் ஒரு கணினி அச்சுக்கடைக்குப் போனேன்.

அங்கே வடிவமைக்கும் பெண்ணுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. என் கோப்பை அவர்களுடைய பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டியதும் ‘கொ’வெல்லாம் சிதறி, கொம்பு க-வுக்கு வலப்பக்கம் போய் நின்றது. எப்படி விளக்குவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது அவளே சிரித்துக்கொண்டு திரையில் பர்மியக் கொம்பைத் தட்டிக் காட்டினாள். பர்மிய எழுத்திலும் ஏகாரக் குறி மெய்க்கு இடப்பக்கம்தான் நிற்கும். பழைய ஜாவ்ஜி எழுத்துருவில் அதை முதலில் அடித்துவிட்டு மெய்யை அடிப்பார்கள். யூனிகோடில் மெய் முதலில், குறி பின்னால், இடம் மாற்றி நிறுத்துவது மென்பொருளின் வேலை. 2019 அக்டோபர் 1-ல் நாடே யூனிகோடுக்கு மாறியபோது அவள் பழைய கோப்புகளை மாற்றி மாற்றிக் கை சலித்தவள். அதனால் என் வியாதி அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மென்பொருளை மாற்றி, லிப்ரே ஆபிஸில் திறந்து, கொம்புகளை ஊருக்குத் திருப்பி அனுப்பினாள். சென்னையில் ஒரு இதழ் இன்னும் பழைய எழுத்துருவில் அனுப்பச் சொல்லி, நான் மாற்றி அனுப்பியதில் அரைப்புள்ளியும் மேற்கோள்குறியும் எழுத்துகளாக மாறிப்போன கதையைச் சொன்னேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

ஆக, யாருக்குப் பரிந்துரைப்பேன்? கதை, கட்டுரை என்று நீளமாகத் தமிழ் அடிப்பவர்களுக்கு மட்டும். நாளைக்கு நான்கு வாழ்த்துச் செய்தி அனுப்புகிறவர்கள் மாற வேண்டியதில்லை, இருப்பதே போதும். பர்மியப் பெயர் நிறைய வரும் எழுத்தென்றால் சுண்டுவிரலுக்குத் தைலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரே ஒரு பக்கத்தை, கொ, கோ, கௌ மூன்றும் உள்ள பக்கமாகப் பார்த்து, அச்செடுத்துச் சரிபாருங்கள். அது சரியாக வந்தால் மற்றதெல்லாம் பெரும்பாலும் வரும்.

சோதனைப் பிரதி கைக்கு வந்துவிட்டது. பதினான்கு பாயின்ட் அளவு எழுத்து. அத்தை கண்ணாடி போட்டு இரண்டு ராத்திரி படித்தார். உரையாடல் மிகுதி என்றெல்லாம் சொல்லவில்லை.

“ஏண்டி, இந்த வேலாயுதம்னு ஒருத்தன் வட்டிக்கு விட்டு ஏமாத்தறானே, இந்தப் பேரை எங்க புடிச்ச?”

“கோயில் கல்லுல, அத்தை.”

“அவரு பேரன் தாம்வேயிலதான் இருக்கான். மாத்திடு.”

தங்கராசு என்று மாற்றிக்கொண்டிருக்கிறேன். தேடி மாற்றும் வசதி இதற்கு உதவவில்லை. ‘வேலாயுதம்’ என்று தேடினால் வேலாயுதத்தையும் வேலாயுதத்துக்கும் வேலாயுதத்தோடும் அகப்படுவதில்லை. ‘வேலாயுத’ என்று பாதியில் நிறுத்தித் தேடினால் எல்லாம் அகப்படும், ஆனால் ஒவ்வொன்றின் வாலையும் கையால்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.