சிங்கப்பூர் - நியூயார்க்: நேராகப் பறப்பதா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா?

ஜூன் பள்ளி விடுமுறைக்கு நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக, பிள்ளைகளோடு சேர்த்து நால்வருக்கு டிக்கெட் பார்த்தோம். ஃபிராங்க்ஃபர்ட் வழியைத்தான் எடுத்தோம். அடுத்த முறையும் அதையே எடுப்பேன். இரண்டுமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், இரண்டுமே கென்னடி விமான நிலையத்தில் இறங்குபவை. சாப்பாடு, உபசரிப்பில் ஒப்பிட ஒன்றுமில்லை.

தூரத்தை முதலில் பார்த்துவிடலாம். நேர்வழி 15,300 கி.மீ.க்குச் சற்று அதிகம். ஃபிராங்க்ஃபர்ட் வரை சுமார் 10,300, அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,200. ஆக, சுற்று என்று நாம் நினைக்கும் வழியில் கூடுவது 1,200 கி.மீ. போலத்தான். ஆனால் நேரக்கணக்கு வேறு. நேர் விமானம் பெரும்பாலும் பசிபிக் மேலே காற்றோடு பறந்து பதினெட்டரை, பத்தொன்பது மணி நேரத்தில் சேர்த்துவிடும். ஃபிராங்க்ஃபர்ட் விமானம் அட்லாண்டிக்கில் எதிர்க்காற்றில் போகிறது. தரையில் நிற்கும் இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தால் 23, 24 மணி நேரம்.

அந்த ஐந்து மணி நேரத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. நேர் விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. காரணம் எரிபொருளின் எடை. அதில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், அதாவது மிக நெடுந்தூரம் பறப்பதற்கான ரகம், 1,65,000 லிட்டர் வரை ஏற்றிக்கொள்ளும். அவ்வளவு எரிபொருளைத் தூக்கிப் பறக்கவே கூடுதல் எரிபொருள் செலவாகிறது. அதனால் ஆட்களைக் குறைக்க வேண்டியிருக்கிறது: சாதாரண நெடுந்தூர ஏ350இல் 253 இருக்கை, இதில் 161 மட்டுமே. 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி (எகானமிக்கு ஒரு படி மேலான வகுப்பு). குறைந்த இருக்கைகளில்தான் மொத்தச் செலவையும் எடுத்தாக வேண்டும். 2004இல் நான்கு எஞ்சின் ஏ340-500 வைத்துத் தொடங்கிய, நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க் விமான நிலையத்துக்கான நேர்ச்சேவை 2013இல் நின்றுபோனதும், 2018இல் இந்த ரகம் வந்த பிறகே திரும்பியதும் இந்த எரிபொருள் கணக்கால்தான். ஒருவர் என்றால் பிரீமியம் எகானமிக்குக் கூடுதலாகக் கொடுத்துவிடலாம். நான்கால் பெருக்கும்போது அது அங்கே ஊர் சுற்றுவதற்கு வைத்திருக்கும் பணம்.

சரி, ஃபிராங்க்ஃபர்ட்டில் ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். கைப்பை, தலையணை, பிள்ளையின் பொம்மை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். மறுபடி பாதுகாப்புச் சோதனை வரிசை, லேப்டாப்பை வெளியே எடு, பெல்ட்டைக் கழற்று. தொக்கு பாட்டிலைச் சிங்கப்பூரிலேயே பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். கைப்பையில் இருந்தால் அங்கே விளக்கம் சொல்லி மாளாது. ஆனால் பிள்ளைகள் கால் நீட்டி நடக்கிறார்கள், அசையாத தரையில் முகம் கழுவுகிறார்கள். அப்புறம் எட்டரை மணி நேரம்தான். ஒரே விமான எண் என்பதால் பெட்டிகள் நேரே கென்னடிக்குப் போய்விடும், இணைப்பு விமானம் தவறும் பயமும் இல்லை.

வேலை விஷயமாக ஒருமுறை தனியே நேர் விமானத்தில் போனபோது, ஏறினோம் இறங்கினோம் என்றிருந்தது சுகமாகத்தான் இருந்தது. வயதான பெற்றோரோடு இரண்டு வழியிலும் நான் போனதில்லை. அவர்களுக்கு எது நல்லது என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் ஃபிராங்க்ஃபர்ட் பனியில் மாட்டியதும் இல்லை.

திரும்பும்போது காற்று நம் பக்கம். ஃபிராங்க்ஃபர்ட் வழி 21, 22 மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் ஐந்து மணி நேர இடைவெளி மூன்றாகச் சுருங்கிவிடுகிறது.