கெஸ்ட் ரூம் சுவருக்கு எது: பெயின்ட்டா, வால்பேப்பரா?

எங்கள் வீட்டு கெஸ்ட் ரூமை மூன்று வருஷத்துக்குள் இரண்டு தடவை மாற்றினேன். முதல் தடவை, கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு வால்பேப்பர். பின்தாளை உரித்துவிட்டு அப்படியே சுவரில் ஒட்டுகிற ரகம். இரண்டாவது தடவை, நாலு சுவருக்கும் எமல்ஷன் பெயின்ட். இரண்டுக்கும் ஆள் வைக்கவில்லை, நானும் தம்பியும்தான். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். நான் பெயின்ட் கட்சி.

வால்பேப்பருக்கு உரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே மத்தியானத்தில் அறையின் முகமே மாறிவிடும். சாமான்களை வெளியே தூக்கிப் போட வேண்டாம், கட்டிலை இரண்டடி இழுத்தால் போதும். பூவேலை, கொடிவேலை என்று நம் கையால் வரைய முடியாததெல்லாம் கிடைக்கும். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்றும் சொல்வார்கள். அந்தக் கழற்றுகிற கதைக்குப் பிறகு வருகிறேன்.

செலவில் நான் ஏமாந்தது கணக்கில். சுவரின் அகலம் 3.5 மீட்டர், உயரம் 3 மீட்டர். தாளின் அகலம் 45 செ.மீ., ஒரு ரோல் 10 மீட்டர். எட்டுப் பட்டை வேண்டும், ஒரு ரோலில் மூன்று பட்டை வரும், ஆக மூன்று ரோல் என்று வாங்கிவிட்டேன். பூவேலை 50 செ.மீ.க்கு ஒரு தடவை திரும்ப வரும் என்பதை யோசிக்கவில்லை. பக்கத்துப் பட்டையோடு பூ சேர வேண்டுமானால் ஒவ்வொரு பட்டையையும் ஒரே பூவில் தொடங்க வேண்டும். மேலும் கீழும் வெட்டுக்குக் கொஞ்சம் விட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரு ரோலில் இரண்டு பட்டைதான். நாலாவது ரோலுக்கு மறுபடி கடைக்கு ஓடினேன். முந்தைய மூன்றின் பேட்ச் எண்ணே கிடைத்தது அதிர்ஷ்டம். பேட்ச் மாறினால் நிறத்தில் ஒரு நூல் வித்தியாசம் வரலாம். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டும்போது அது கண்ணில் குத்தும்.

பெயின்ட் கணக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. 3க்கு 3.5 மீட்டர் அறையில், கதவு ஜன்னல் போக, நாலு சுவரும் சேர்ந்து ஏறக்குறைய 36 சதுர மீட்டர். நல்ல சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு (ஒரு தடவை பூசுவதற்கு) 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். இரண்டு கோட்டுக்கு 7 லிட்டர் போதும். பட்டி, பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு), ரோலர், பிரஷ் எல்லாம் சேர்த்தும், ஒரு சுவருக்கு வாங்கிய தாளைவிடக் கொஞ்சம்தான் கூட ஆனது. அதுவும் நாலு சுவருக்கு.

பெயின்ட்டில் நோகிறது உடம்புதான். அடிப்பது ஒரு நாள், அதற்கு முந்தைய வேலை இரண்டு நாள். ஆணி ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பட்டி வைத்த இடத்துக்கெல்லாம் பிரைமர் கொடுக்க வேண்டும். பிரைமரை விட்டால் பட்டி அங்கே பெயின்ட்டை உறிஞ்சிக்கொண்டு திட்டுத்திட்டாகத் தெரியும். சுவர் சமமாக இருக்கிறதா என்று பார்க்க, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் வழுவழு என்றிருந்த சுவர் அப்போது மேடும் பள்ளமுமாக நிற்கும். (ரொம்பப் பழைய வீடு என்றால் தேய்க்கும் முன் நிதானம். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி ஆகாது.) மாஸ்கிங் டேப்பைப் பெயின்ட் முழுசாகக் காயும் முன்பே உரித்துவிட வேண்டும். நான் ராத்திரி அப்படியே விட்டுவிட்டேன். காலையில் இழுத்தபோது கதவோரம் பெயின்ட்டும் சேர்ந்து பிய்ந்து வந்தது.

இவ்வளவு பாடுபட்டும் பெயின்ட் பக்கம் ஏன் நிற்கிறேன் என்றால், ரிப்பேருக்காக.

கெஸ்ட் ரூம் மற்ற அறைகள் மாதிரி இல்லை. வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும், காற்று போகாது. எங்கள் தலைமாட்டுச் சுவர் வெளிச்சுவர். வினைல் பூச்சுள்ள தாள் ஈரத்தை வெளியே விடாது. சுவரில் இருக்கும் ஓதம் தாளுக்குப் பின்னாலேயே தங்கும். எட்டாவது மாதம் கீழ்மூலையில் இரண்டு பட்டை சேரும் இடம் நகக்கண் அளவுக்குத் தூக்கியது. அழுத்திவிட்டேன், ஒட்டியது. அடுத்த வாரம் மறுபடி தூக்கியது. அப்புறம் தங்க வந்த சித்தி பேரனுக்கு அந்த ஓரம் கையில் அகப்பட்டது. ஒரு முழத்துக்கு உரித்து வைத்திருந்தான். உள்ளே கறுப்புப் புள்ளிகளாகப் பூசணம்.

சரி, கழற்றிவிடலாம் என்று இழுத்தால், தாளோடு பழைய பெயின்ட்டும் அதற்கடியில் இருந்த பட்டியும் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து வந்தன. ஹேர் டிரையரால் சூடு காட்டி மெதுவாக இழுத்தால் தேவலை என்று பாதிச் சுவர் போன பிறகுதான் தெரிந்தது.

பெயின்ட் சுவருக்கும் அடி விழாமல் இல்லை. வருகிறவர்கள் சூட்கேஸைச் சுவரில் சாய்ப்பார்கள், நாற்காலி முதுகு உரசும். போன மாதம் கதவுக்குப் பின்னால் சக்கரம் இடித்து ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். மிச்சப் பெயின்ட்டை ஒரு கண்ணாடி ஜாடியில் விளிம்பு வரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, ஷேடு எண்ணை எழுதி வைத்திருந்தேன். கீறலில் துளி பட்டி, ஒரு தேய்ப்பு, பிரைமர், பிறகு சின்ன ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு லேசாக ஓட்டம். காயக் காத்திருந்ததைக் கழித்தால் அரை மணி நேர வேலை. முதலில் ரோலரால் அடித்த சுவரைத் திருத்தவும் ரோலர்தான் வேண்டும். பிரஷ்ஷால் தொட்டால் அந்த இடம் தனியாகத் தெரியும். பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ் எடுத்ததும் இதற்காகவே. பளபளப்புள்ளதில் ஒட்டுப்போட்ட இடம் சாய்ந்த வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மேட்டில் குறை இல்லாமல் இல்லை: அழுக்கை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மட்டும் மினுங்க ஆரம்பிக்கும். துடைக்க வேண்டிய சுவர் என்றால் வேறு யோசிக்க வேண்டும். கெஸ்ட் ரூமில் அது குறைவு.

பசை தடவி ஒட்டுகிற வால்பேப்பரை நான் தொட்டதில்லை, என் புகாரெல்லாம் உரித்து ஒட்டுகிற ரகத்தின் மேல்தான். ஓதமே இல்லாத உள்சுவரில் அதுவும் நன்றாக நிற்கலாம். என் பெயின்ட்டுக்கும் இரண்டு வயசுகூட முடியவில்லை, ஐந்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று இப்போது சத்தியம் செய்ய மாட்டேன். இன்னும் பத்து நாளில் விருந்தாளி வருகிறார், கையில் காசு கம்மி என்றால் சுவரையே தொடாதீர்கள். நல்ல திரைச்சீலையும் மஞ்சள் வெளிச்ச பல்பும் (டப்பாவில் 2700 கே என்று போட்டிருக்கும்) வாங்கி மாட்டினாலே அறை பாதி மாறிவிடும்.

நாலாவது ரோலில் மிஞ்சிய தாளை மேஜை இழுப்பறைகளுக்குள் விரித்து வைத்தேன். அங்கே மட்டும் இன்னும் ஓரம் தூக்கவில்லை.