மாடியில் கழிந்த பொங்கல்

2022 ஜனவரி 12ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் வந்து இறங்கினேன். முந்தின நாள்தான் கொரோனாவுக்காகப் புது விதி வந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் 7 நாள் வீட்டோடு இருக்க வேண்டும், எட்டாம் நாள் ஆர்டிபிசிஆர் சோதனை. விமான நிலையத்தில், பயணிகள் இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவத்தைச் சரிபார்த்துச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள்.

லால்குடிப் பக்கம் எங்கள் ஊர். நான் மாடி அறையில், அம்மா கீழே. மறுநாள் காலையிலேயே கிராம சுகாதார செவிலியர் வந்து வாசலில் நின்றார். "காய்ச்சல், இருமல் ஏதாவது இருக்கா தம்பி? அம்மாவுக்குச் சுகர் இருக்கு. கீழ இறங்கிடாதீங்க." அம்மாவின் மாத்திரை தீரும் நாள்வரை அவருக்குத் தெரிந்திருந்தது. சிங்கப்பூரில் கடைக்குக் கடை டிரேஸ்டுகெதர் என்ற கொரோனா தொடர்பறியும் செயலியைக் காட்டியே பழகியவன் நான். ஆனால் செவிலியரின் அந்த ஒரு சொல்தான் என்னை மாடியிலேயே உட்கார வைத்தது.

ஜன்னலிலிருந்து பார்த்தால் டீக்கடை தெரியும். முகக்கவசமெல்லாம் தாடையில்தான். அபராதத்தை 200 ரூபாயிலிருந்து 500 ஆக்கிய மாதம் அது. போலீஸ் ஜீப் முனை திரும்பினால் மூக்குக்கு ஏறும், போனதும் இறங்கிவிடும். பார்க்கப் பார்க்க எனக்குக் கோபமாக வந்தது.

ஆனால் அங்கே நின்றவர்களில் ஒருவரான பக்கத்து வீட்டுப் பெரியப்பா, பொங்கலன்று தூக்குச்சட்டியை எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய் நின்றுகொண்டு, "நல்லா இருக்கியாப்பா?" என்று சத்தம் போட்டுக் கேட்டார். படியேறவில்லை. காணும் பொங்கல் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு. காவிரிக்கரையிலுள்ள முக்கொம்புக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிற ஊர், தெருவில் ஓர் ஆள் இல்லை. இன்னாருக்கு ஆபத்து என்று முகம் தெரிந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் விதியை மீறுவதில்லை. டீக்கடையில் யாரை நினைத்து முகக்கவசம் போடுவது என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அதையும் அந்தச் செவிலியர் போன்ற ஒருவர் பேர் சொல்லிப் பேசினால் கேட்பார்கள் என்றே நம்புகிறேன்.

குறை என்றால் எட்டாம் நாள் சோதனைக்குப் போன இடம். காய்ச்சலோடு வந்தவர்களும் என்னைப் போன்றவர்களும் ஒரே வரிசையில் தோளோடு தோள் உரச நின்றோம். தரையில் போட்ட வட்டங்கள் அழிந்து போயிருந்தன. ஒரு சுண்ணாம்புக் கட்டியும் பத்து நிமிஷமும் போதும், யாரும் செய்யவில்லை. சோதனைக்கு வந்த இடத்தில் நோயை வாங்கிக்கொண்டு போய்விடுவோமோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் ராத்திரி நெகட்டிவ் என்று குறுஞ்செய்தி வந்தது. அப்புறம்தான் கீழே இறங்கினேன். எனக்கென்று ஒரு கரும்பை வாளித் தண்ணீரில் நிறுத்தி வைத்திருந்தாள் அம்மா.