முதல் சுருள் எது? கம்பி நகை பழகுவோருக்குச் செம்பும் அதன் போட்டியாளர்களும்

பெங்களூரில் கம்பி நகை செய்யப் பழக விரும்புகிற பலர் சிக்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அவென்யூ சாலைப் பக்கத்து ராஜா மார்க்கெட்டில்தான் முதல் கொள்முதலைச் செய்கிறார்கள். அங்கே மணிகளும் முத்துகளும் கண்ணைப் பறிப்பதால் பணம் அவற்றுக்கே போய்விடுகிறது. கையில் மிஞ்சியதற்கு ஏதோ ஒரு கம்பிச் சுருள் கடைசியில் வாங்கப்படுகிறது. ஆனால் கை வசப்படுமா வசப்படாதா என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சுருள்தான். செம்பு, அலுமினியம், பித்தளை, வெள்ளி ஆகியவற்றோடு நிறப்பூச்சுள்ள கைவினைக் கம்பியும் போட்டியில் இருக்கிறது. முதல் சுருள் பூச்சில்லாத செம்பாக இருக்க வேண்டும் என்பது என் முடிவு. மற்றவை எந்த வேலைக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

செம்புக்கு உண்மையான போட்டி அலுமினியம்தான், ஏனெனில் எடைக்கு எடை பார்த்தால் அது மிக நீளமாகக் கிடைக்கிறது. 0.9 மி.மீ. விட்டமுள்ள செம்புக் கம்பி 100 கிராமுக்கு ஏறத்தாழ 17 மீட்டர் வரும். அதே தடிமனில் அலுமினியம் 55 மீட்டரைத் தாண்டும். விரலாலேயே வளைக்கும் அளவுக்கு அது மென்மையானது என்பதால், குழந்தைகளோடு உட்கார்ந்து பெரிய பூ, தோளில் அணியும் வங்கி, தலைப்பட்டை ஆகியவற்றைச் செய்ய அதைவிட எளிதான கம்பி கிடையாது. அந்த மென்மையே பயிற்சிக்கு எதிரியாகவும் அமைகிறது.

ஒரு மணியைத் தொங்கவிடும் வளையத்தை எடுத்துக்கொள்வோம். மணியில் கம்பியைக் கோத்து, அதன் தலைக்கு மேலே செங்கோணத்தில் மடக்கி, வட்டமூக்குப் பிளையரின் கூம்பில் ஒரு சுற்று சுற்றி, மிச்ச நுனியைக் கழுத்தில் இரண்டு மூன்று முறை இறுக்கிச் சுருட்டி வெட்ட வேண்டும். செம்பில் இதைச் செய்யும்போது, பிளையரை எவ்வளவு அழுத்தினால் கம்பி மடங்குகிறது, எவ்வளவுக்கு மேல் போனால் தழும்பு விழுகிறது என்ற எல்லை கையில் தெளிவாகத் தெரியும். மேலும், வளைக்க வளைக்கச் செம்பு இறுகுவதால், முடிந்த வளையம் தன் வட்டத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். அலுமினியமோ லேசாக அழுத்தினாலே பள்ளம் வாங்கும். கழுத்துச் சுருட்டு முடிந்த பிறகும் வளையத்தை ஓர் இழுப்பு இழுத்தால் முட்டை வடிவமாகிவிடும். பழகுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைப்பார். உண்மையில் கம்பிதான் நிற்கவில்லை.

தவறாக வளைந்ததை மீட்பதிலும் செம்புக்கே கை ஓங்குகிறது. பலமுறை நிமிர்த்தி மடக்கியதால் விறைத்துப்போன செம்புக் கம்பியை இடுக்கியால் பிடித்து, சமையலறை எரிவாயு அடுப்பின் தழலில் மங்கலான சிவப்பு வரும்வரை காட்டித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகிவிடும். மேலே படியும் கருப்பைப் புளி போக்கிவிடும். அலுமினியத்தில் இந்த வித்தை பலிக்காது. 660 டிகிரி செல்சியஸில் உருகும் அந்த உலோகம் சிவந்து எச்சரிப்பதற்கு முன்பே தொய்ந்து அறுந்துவிடும்.

பித்தளை பொன்னிறம் காட்டும், விலையும் எட்டாததில்லை. ஆனால் செம்பைவிட விறைப்பானது, வளைத்துவிட்டால் சற்றே பின்வாங்கும் சுபாவமுடையது. பிளையர் பழகாத கைக்கு இந்தப் பின்வாங்கல் எரிச்சலூட்டும். பழகிய கைக்கு அதே குணம் கொக்கிக்கும் பூட்டுக்கும் பலமாகும். அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் பித்தளைக் கம்பியையும் வெள்ளிக் கம்பியையும் சுத்தியால் தட்டித் தட்டைச் சுருள்களாக்கிச் செய்த நகைகளைப் பார்த்தால், பித்தளையின் விறைப்பு என்ன தரும் என்பது விளங்கும். நிறப்பூச்சுள்ள கம்பியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: உள்ளே பெரும்பாலும் செம்போ அலுமினியமோ இருக்கும், பிளையர் பட்ட இடத்தில் நிறம் உரியும், தழலில் காட்டவும் முடியாது.

செம்பை எங்கே வாங்குவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. எஸ்.பி. சாலை மின்சாதனக் கடைகளில் எடைக்குக் கிடைக்கும் மோட்டார் சுற்றுக் கம்பி பார்வைக்குப் பளபளப்பான செம்பாகவே இருந்தாலும், அதன்மேல் மின்காப்பு வார்னிஷ் பூச்சு உண்டு. சுருட்டிப் பழக அது தாராளமாகப் போதும். ஆனால் நகையைக் கருமையாக்கிப் பழமைத் தோற்றம் தர முயன்றால் பூச்சு தடுக்கும், எரித்து அகற்றப் பார்த்தால் கெட்ட புகை வரும். அதைவிட, பழைய வீடுகளில் மின்பணியாளர்கள் கழற்றி எறியும் 3/20 செம்பு ஒயர் மேலானது: அதன் பிளாஸ்டிக் உறையைச் சீவிவிட்டால், ஒவ்வொரு மீட்டரிலும் 20 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) வெறும் செம்பு மூன்று இழை கிடைக்கும்.

கேஜ் என்ற எண்ணைக் கண்மூடி நம்பக் கூடாது. நம் ஊர் மின்கம்பி வழக்கில் பழைய பிரிட்டிஷ் அளவு நிலைத்துவிட்டது. இணையத்துப் பயிற்சிக் காணொளிகளில் பெரும்பாலும் அமெரிக்க அளவு. பிரிட்டிஷ் அளவில் 20 கேஜ் என்பது 0.91 மி.மீ., அமெரிக்க அளவில் 0.81 மி.மீ. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம், ஆனால் துளை 0.85 மி.மீ. இருக்கும் மணிக்குள் ஒன்று நுழையும், மற்றது நுழையாது. நன்னீர் முத்துகளின் துளை பெரும்பாலும் இன்னும் சிறியது, அவற்றுக்கு 0.5 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய கம்பி தேவைப்படும். எனவே கடைக்காரரிடம் கேஜ் எண்ணைச் சொல்வதைவிட மில்லிமீட்டரில் கேட்பதே நல்லது. சட்டத்துக்கும் வளையத்துக்கும் 0.8 அல்லது 0.9 மி.மீ., சுற்றிக் கட்டுவதற்கு 0.4 மி.மீ. என்று இரண்டு தடிமன்கள் தொடக்கத்துக்குப் போதும்.

வெள்ளி வளைவதில் செம்புக்கு மிக நெருக்கமானது. செம்பில் பழகிய கை வெள்ளியில் தடுமாறாது. 92.5 சதவீத வெள்ளியில் எஞ்சிய பங்கும் வழக்கமாகச் செம்புதான். பிழைக்குப் பிழை வெட்டி எறியும் பருவத்தில் அந்த விலையைக் கொடுப்பது வீண். ஆனால் ஓரிடத்தில் மட்டும் தொடக்கத்திலிருந்தே வெள்ளியைச் சொல்வேன்: காதுத் துளைக்குள் போகும் கொக்கி. செம்பு வியர்வை பட்டுத் தோலில் பச்சைக் கறை விடும். கழுவினால் போய்விடும், கேடில்லை என்றாலும் துளைக்குள் அதை யாரும் விரும்ப மாட்டார்கள். வெள்ளி போலவே மின்னும் ஜெர்மன் சில்வர் கொக்கியோ இன்னும் மோசம். அதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. நிக்கல் பலருக்குக் காதில் அரிப்பையும் புண்ணையும் தரக்கூடியது. ஒரு ஜோடிக் கொக்கிக்கு 0.8 மி.மீ. வெள்ளிக் கம்பி பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் போதும், எடை ஒரு கிராமைக்கூட எட்டாது. ஆகவே தோட்டின் உடலைச் செம்பில் செய்து, கொக்கியை மட்டும் வெள்ளியில் வைத்தால் செலவு பெரிதாக ஏறாது.